ஓசூர் பட்டறைக்கு வேர்ட்பிரஸ் தாங்குமா?

கிருஷ்ணகிரி மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பைத் தேடி பிடிஎஃப் இறக்கிக்கொள்ளும் ஒப்பந்ததாரருக்கு, அந்தத் தளத்தின் அடியில் ஓடுவது வேர்ட்பிரஸ் என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தேசியத் தகவலியல் மையமான என்ஐசி, அரசு அமைப்புகளுக்காக உருவாக்கிய எஸ்3வாஸ் என்ற சேவை அதன் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. இறக்கிய கோப்பின் முகவரியைப் பார்த்தால் 'அப்லோட்ஸ்', அதன்பின் ஆண்டு, அதன்பின் மாதம் என்று வரிசையாக இருக்கும். வேர்ட்பிரஸ்ஸின் கைரேகை அது.

மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் 2003 மே 27 அன்று வெளியிட்ட, இணையதளம் கட்ட உதவும் இந்த இலவச மென்பொருளில்தான் இன்று உலக இணையதளங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் இயங்குகின்றன. மாவட்ட நிர்வாகத்துக்குச் சரிப்பட்டு வந்தது, ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் நான்கு மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்பவருக்கும் சரிப்படுமா? அதைப் பார்க்கத்தான் இந்தச் சோதனை. ஒரு சிறு சிஎன்சி பட்டறைக்கு என்னென்ன பக்கங்கள் வேண்டுமோ, அவற்றை வைத்து ஒரு மாதிரித் தளம் கட்டப்பட்டது.

ஓசூரில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் எடை உண்டு. 1970களில் சிப்காட் வந்த பிறகு டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் ஆலைகளைச் சுற்றி வளர்ந்தவை இங்குள்ள சிறு பட்டறைகள். முதலாளிக்குத் தெரிந்த நாலு பேர் மூலமாகவே ஆர்டர் வந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது கர்நாடக எல்லை தாண்டி, அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம், பொம்மசந்திராவிலோ ஜிகணியிலோ இருக்கும் பர்ச்சேஸ் ஆபீஸர், கொட்டேஷன் கேட்பதற்கு முன் கைபேசியில் கம்பெனி பெயரைத் தட்டிப் பார்க்கிறார். அவர் தேடுவது மெஷின் லிஸ்ட், ஐஎஸ்ஓ சான்றிதழ், ஜிஎஸ்டி நம்பர், கூகுள் மேப். முகப்பில் சுழலும் படங்கள் அவருக்குத் தேவையில்லை.

நிறுவுவதில் வேலையே இல்லை. பெரும்பாலான ஹோஸ்டிங் நிறுவனங்கள் ஒரே சொடுக்கில் முடித்துத் தருகின்றன. டொமைனும் ஷேர்டு ஹோஸ்டிங்கும் சேர்ந்து ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய். 2018 டிசம்பரில் 5.0 பதிப்போடு வந்த, பக்கங்களைத் தொகுக்கும் பிளாக் எடிட்டரை அன்று திட்டாதவர்கள் குறைவு. இன்று அது பழகிவிட்டது. எக்செல்லில் இருக்கும் மெஷின் லிஸ்ட்டை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் அட்டவணையாகவே வந்து உட்காருகிறது. ஆறேழு பத்தி இருந்தால் மட்டும் கைபேசியில் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்க வேண்டியிருக்கும். மெஷின் பெயர், பெட் சைஸ், எண்ணிக்கை என்று மூன்றோடு நிறுத்துவது நல்லது. கைபேசியில் எடுத்த பெரிய படங்களை 2560 பிக்சலுக்கு வேர்ட்பிரஸ்ஸே சுருக்கிக்கொள்கிறது. 2019இல் வந்த 5.3 பதிப்பின் புண்ணியம்.

தமிழில் தலைப்பு வைத்ததும் சிக்கல் தொடங்குகிறது. 'பட்டறையில் உள்ள எந்திரங்கள்' என்று ஒரு பக்கத்துக்குப் பெயரிட்டால், அந்தத் தலைப்பையே வேர்ட்பிரஸ் பக்க முகவரியாக்கும். முகவரியின் அந்தப் பகுதிக்கு 200 இடம்தான். ஆங்கில எழுத்துக்கு ஓர் இடம் போதும். தமிழிலோ ஒவ்வொரு குறிக்கும் 9 இடம். புள்ளிக்குத் தனியாக 9, ஐகாரக் கொம்புக்குத் தனியாக 9. கணக்குப் போட்டால் 'எந்திரங்' என்பதோடு 200 முடிந்துவிடுகிறது; 'கள்' வெளியே நிற்கிறது. பக்கம் திறக்கும், அதில் குறையில்லை. ஆனால் அந்த இணைப்பை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் சதவீதக் குறிகள் நிறைந்த நீளமான வாலாகப் போய் விழும். வாடிக்கையாளர் அதை மோசடி இணைப்பு என்று நினைத்து அழித்தால் அவரைக் குறைசொல்ல முடியாது. தலைப்பைத் தமிழில் வைத்துக்கொண்டு, முகவரியைக் கையால் குட்டி ஆங்கிலச் சொல்லாக மாற்றிவிடுவதுதான் வழி.

பல மொழி வசதியும் உள்ளுக்குள் இல்லை. தமிழ், ஆங்கிலம், கன்னடம் என்று மூன்றிலும் தளம் வேண்டுமானால் பாலிலாங் போன்ற பிளக்இன், அதாவது துணை மென்பொருள், போட வேண்டும். போட்டாலும் பாலிலாங்கின் இலவசப் பதிப்பு மொழிபெயர்த்துத் தராது; மும்மடங்கு பக்கங்களை ஒன்றோடொன்று இணைத்து மட்டும் வைக்கும். தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே டீக்கடையில் புழங்கும் ஊரில் மூன்றும் வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஒரு பக்கத்தைத் திருத்தினால் மற்ற இரண்டையும் திருத்த ஆள் வேண்டும். பர்ச்சேஸ் ஆபீஸருக்கு ஆங்கிலம் போதும். வேலைக்கு ஆள் எடுக்கும் பக்கம் மட்டும் தமிழில் இருந்தால் பயன் அதிகம். எழுத்துரு பிரச்சினையை 2024இல் 6.5 பதிப்போடு வந்த எழுத்துரு நூலகம் தீர்த்துவிட்டது. முக்தா மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவற்றை அங்கிருந்தே சேர்த்துக்கொள்ளலாம்.

பட்டறைக்காரரைக் கடுப்பேற்றக்கூடியது வேறொன்று. டிராயிங் எல்லாம் டிஎக்ஸ்எஃப், ஸ்டெப் கோப்புகளாக வரும். மீடியா பகுதியில் அவற்றை ஏற்றப் போனால், இந்த வகைக் கோப்புக்கு அனுமதியில்லை என்று வேர்ட்பிரஸ் கதவைச் சாத்துகிறது. பாதுகாப்புக்காகத்தான். வாடிக்கையாளரே விசாரணைப் படிவத்தில் டிராயிங்கை இணைத்து அனுப்புவதானால், கான்டாக்ட் ஃபார்ம் 7 என்ற பிரபலமான பிளக்இன்னில் எந்த வகைக் கோப்பை ஏற்கலாம் என்று நாமே குறிப்பிடலாம். அளவைச் சொல்லாவிட்டால் 1 எம்பிதான் எல்லை. அதைவிட முக்கியம், அந்தப் பிளக்இன் வந்த விசாரணையை எங்கும் சேமித்து வைப்பதில்லை. மின்னஞ்சலில் அனுப்புவதோடு சரி. ஷேர்டு ஹோஸ்டிங்கிலிருந்து போகும் மின்னஞ்சல் ஸ்பாமில் விழுவது சகஜம். பெரிய ஆர்டர் ஒன்று யார் கண்ணிலும் படாமல் போய்விடலாம். அதே படைப்பாளரின் ஃபிளமிங்கோ பிளக்இன்னைச் சேர்த்தால் விசாரணைகள் டேட்டாபேஸிலும் நிற்கும். மின்னஞ்சலை எஸ்எம்டிபி வழியாக அனுப்பும் பிளக்இன் ஒன்றும் கட்டாயம். எளிமை என்று சொல்லி விற்கப்படும் ஒரு பொருளில் இது நியாயமில்லாத குறை.

பராமரிப்பில் மாவட்டத் தளத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். உருவாக்கி ஹோஸ்ட் செய்வது என்ஐசி, உள்ளடக்கம் மாவட்ட நிர்வாகத்துடையது என்று பக்கத்தின் அடியிலேயே எழுதியிருக்கிறது. கடைசியாகப் புதுப்பித்த தேதியும் உண்டு. பட்டறையிலும் இந்தப் பிரிவினை வேண்டும். அக்கவுன்ட்ஸ் பார்க்கும் பெண்ணுக்கு எடிட்டர் உரிமை போதும்: பக்கத்தைத் திருத்தலாம், பிளக்இன் போட முடியாது. வேர்ட்பிரஸ்ஸின் சின்னப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2013 முதல் தானாகவே ஏறுகின்றன. பிளக்இன்களைத் தானாகப் புதுப்பிக்கும் வசதியை 2020இல் வந்த 5.5 முதல் இயக்கி வைக்கலாம். ஹேக் ஆகும் தளங்களில் ஓட்டை பெரும்பாலும் புதுப்பிக்காத பிளக்இன்னில்தான் இருக்கும். இலவசமாகக் கிடைக்கிறதே என்று இருபது பிளக்இன் போடுவதைவிட ஐந்தோடு நிறுத்துவது புத்திசாலித்தனம்.

இவ்வளவு எதற்கு, கூகுள் மேப்பில் பெயர் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். ஒருவரே நடத்தும் லேத் பட்டறைக்குப் போதும்தான். ஆனால் கூகுள் பிசினஸ் புரொஃபைலோடு இலவசமாகத் தந்த ஒரு பக்க இணையதளங்களை அந்த நிறுவனம் 2024 மார்ச்சில் மொத்தமாக மூடியது. அந்த முகவரியை விசிட்டிங் கார்டில் அச்சடித்தவர்கள் கார்டை மாற்ற வேண்டியதாயிற்று. வேர்ட்பிரஸ்ஸில் கோப்புகளையும் டேட்டாபேஸையும் எடுத்துக்கொண்டு வேறு ஹோஸ்டிங்குக்குக் குடிபோகலாம். அதற்கு டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்பதை முதல் நாளே பார்த்துவிட வேண்டும். பல இடங்களில் அது தளம் செய்து கொடுத்தவரின் பெயரிலும் அவருடைய மின்னஞ்சலிலும் பதிவாகியிருக்கிறது. புதுப்பிக்கும் அறிவிப்பும் அவருக்குத்தான் போகும்.