சிங்கப்பூர் ஸ்பெஷல்: அடடா, என்ன நாய் இது!

சிங்கப்பூர் ஸ்பெஷலைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? ரோட்டோரம் ஓடியதைப் பார்த்ததெல்லாம் கணக்கில் வராது. சுங்கை தெங்கா காப்பகத்தில் எங்கள் கருப்பாயி முதன்முதலில் என் கையை முகர்ந்து, யோசித்து, இன்னொரு தடவை முகர்ந்து, சரி இந்த ஆளை நம்பலாம் என்று முடிவெடுத்து வாலை ஒரே ஒரு ஆட்டு ஆட்டியது பாருங்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு அழைத்து வந்த அன்று ராத்திரி தூக்கமே இல்லை, எழுந்து எழுந்து போய் அது தூங்குகிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிங்கப்பூர் ஸ்பெஷலுக்கு வம்சாவளிப் பத்திரம் கிடையாது. தொழிற்பேட்டைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் காவலுக்கு இருந்துவிட்டு, வேலை முடிந்ததும் கைவிடப்பட்ட நாய்கள் எத்தனையோ. அவற்றின் குட்டிகள், குட்டிகளின் குட்டிகள் என்று இந்த மண்ணிலேயே கலந்து பிறந்த இனம் இது. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நின்று பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், தளத்தில் வேலை பார்க்கும் நம் தம்பிமார் போனில் ஊர்ப் பிள்ளைகளின் படத்துக்கு அடுத்த படமாக, தங்கள் சோற்றில் பங்கு வாங்கித் தின்னும் ஒரு நாயின் படத்தைக் காட்டுவார்கள்.

இப்போது என்னோடு நடந்து வாருங்கள். விடிகாலை, தேக்கா பஃபலோ ரோடு, பூக்கடையில் மல்லிகையை அப்போதுதான் பிரிக்கிறார்கள், எங்கோ ரொட்டிக்கல்லில் நெய் உருகுகிறது, கருப்பாயியின் மூக்கு நிற்காமல் துடிக்கிறது, காது இரண்டும் விறைத்து நிற்கிறது, வால் அரிவாள் மாதிரி வளைந்து மேலே ஏறுகிறது, அந்தக் குட்டை முடி தெருவிளக்கில் மினுங்குகிறது, நான், மனைவி, மகள் மூன்று பேரும் போகிறோம், மகள் மாலைக்கடையில் ஒரு நிமிஷம் நின்றால் போதும், கருப்பாயி அப்படியே நின்றுவிடும், நகராது, இழுத்தாலும் நகராது, அவள் வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த அடி! ஹங்கேரி மேய்ப்பர்கள் நூற்றாண்டுக் கணக்கில் ஆடு மேய்க்க வளர்த்த பூலி நாயைப் பற்றிச் சொல்வார்கள், சடை சடையாக முடி தரையைத் தொடும், மந்தையில் ஓர் ஆடு விலகினாலும் விடாதாம். விலகினால் விடாத அந்தக் குணத்தை, யாரும் கற்றுக்கொடுக்காமலே, நம் வெயிலுக்கு ஏற்ற தோலோடு நான் தேக்காவிலேயே பார்த்துவிட்டேன். ஐயோ, அந்தப் பெருமையை எங்கே கொண்டுபோய் வைப்பேன்!

சிங்கப்பூர் ஸ்பெஷல் புது ஆளை உடனே நம்பாது, லிஃப்ட் சத்தத்துக்கு முதலில் கொஞ்சம் மிரளும், அவ்வளவுதான். பொறுமையாக இருந்தீர்களென்றால் உயிரையே உங்களிடம் ஒப்படைத்துவிடும்.

இப்படிப்பட்ட நாயை வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு காலத்தில் வழியே இல்லை, பட்டியலில் உள்ள சிறிய இனங்களுக்கு மட்டும்தான் அனுமதி. 2012இல் 'அடோர்' திட்டம் வந்தது, நடுத்தர உயரமுள்ள உள்ளூர்க் கலப்பின நாய்களுக்கும் கதவு திறந்தது. முதலில் 50 சென்டிமீட்டர் உயரம், 15 கிலோ எடை என்று வரம்பு. 2020இல் உயரத்தை 55 சென்டிமீட்டராக உயர்த்தி, எடை வரம்பையே எடுத்துவிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் கூடத்தில் நின்று கைதட்டினேன். 2018 முதல் தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, முடிந்தவற்றுக்கு வீடு தேடித் தரும் வேலையும் நடக்கிறது.

நாய் வளர்க்கும் ஆசை இருக்கிறதா? கடைக்குப் போகாதீர்கள். அடோர் திட்டத்தில் இருக்கும் காப்பகத்துக்கு ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு போங்கள். கருத்தடை, மைக்ரோசிப், உரிமம், அடிப்படைப் பயிற்சி, இவைதான் முக்கிய நிபந்தனைகள். மற்றதை அந்த நாய் பார்த்துக்கொள்ளும்.