புதின உலகும் ஆட்டக் களமும்: டோல்கியன் படைப்பின் இரு ஆட்ட வடிவங்கள்

1. முன்னுரை

புதினம் நாடகமாகவும் திரைப்படமாகவும் மாறுவது திறனாய்வில் பலகாலும் பேசப்பட்ட பொருள். அது பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டமாக மாறுவதும் ஆராய்தற்குரியதே. 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' வழியாகப் பரவிய இவ்வகை ஆட்டத்தில், மேசையைச் சுற்றி அமர்ந்த சிலர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பேச்சினாலேயே கதையை நிகழ்த்துவர். ஆட்டத் தலைவர் சூழலை விவரிப்பார். ஏனையோர் தத்தம் பாத்திரத்தின் செயலைக் கூறுவர். ஐயத்துக்குரிய செயலின் விளைவைப் பகடை தீர்மானிக்கும். ஒரு புதின உலகு இவ்வாட்டத்தின் களமாகும்போது எது கொள்ளப்படுகிறது, எது விடப்படுகிறது என்பதை, டோல்கியனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' (1954-55) சார்ந்த இரண்டு ஆட்டங்களின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

2. அளவுகோல்

தொல்காப்பியம் அகப்பாடலின் உலகை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்துத் தெய்வம், உணா, மா, மரம், தொழில் முதலியன கரு. மாந்தர் ஒழுக்கம் உரி. இவற்றுள் உரிப்பொருளே சிறந்தது என்பது மரபு. ஆங்கிலப் புதினமொன்றைத் திணைக்குள் அடக்குவது இங்கு நோக்கமன்று. ஓர் உலகின் பொருள்களைத் தொகுப்பது வேறு, அவ்வுலகின் ஒழுக்கத்தைக் காண்பது வேறு என்னும் தெளிவே இங்கு வேண்டப்படுவது.

3. முதலும் கருவும் நிறைந்த ஆட்டம்

அயன் கிரவுன் நிறுவனம் 1984இல் வெளியிட்ட 'மிடில் எர்த் ரோல் பிளேயிங்' மூன்றாம் ஊழியின் 1640ஆம் ஆண்டைத் தன் காலமாகக் கொண்டது. புதின நிகழ்ச்சிகளுக்கு ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் முற்பட்ட காலம் இது. ஆடுவோர் ஏற்கெனவே தெரிந்த கதையின் நிழலில் நிற்க வேண்டியதில்லை என்பது இத்தேர்வின் நன்மை. பீட்டர் ஃபென்லான் வரைந்த நிலப்படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. முதலும் கருவும் இங்கே குறைவற அமைந்துள்ளன.

ஆனால் விதிகள் புதினத்திலிருந்து பிறந்தவை அல்ல. அந்நிறுவனத்தின் 'ரோல்மாஸ்டர்' என்னும் வேறோர் ஆட்டத்திலிருந்து சுருக்கி எடுக்கப்பட்டவை. புதினத்தில் அரிதாகத் தோன்றும் மந்திரம் இங்கே பட்டியலிட்டுக் கற்கும் தொழிலாகிறது. பகைவரை வீழ்த்துவதும் காயப்படுத்துவதும் பாத்திரத்தின் வளர்ச்சிக்குப் புள்ளி தருகின்றன. 'தி ஹாபிட்' நூலின் 1951ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் பில்போ, கோல்லமைக் கொல்ல வாய்ப்பிருந்தும் இரக்கத்தால் விட்டுச் செல்கிறான். பின்வரும் கதை முழுவதும் இவ்விரக்கத்தின் மேல் நிற்கிறது. இவ்விதிகளின்படி, கொன்றிருந்தால் அவனுக்குப் புள்ளி கிடைத்திருக்கும். ஒரு மொழியின் சொற்களை எடுத்து வேறொரு மொழியின் தொடரமைப்பில் கோத்ததற்கு இதனை ஒப்பிடலாம்.

4. மொழியும் பெயரும்

டோல்கியன் ஆக்ஸ்ஃபோர்டில் மொழிநூல் கற்பித்த பேராசிரியர். தாம் படைத்த மொழிகளுக்கு வாழிடம் அமைக்கவே கதைகள் எழுந்தன என்னும் கருத்தை அவரே தெரிவித்துள்ளார். மேற்கண்ட ஆட்டத்தில் மொழியறிவு படிநிலை எண்ணாகக் குறிக்கப்படுகிறது. மோரியாவின் வாயிற்கதவுக் காட்சியை இதனோடு வைத்து நோக்கலாம். அங்குள்ள எல்வியப் பொறிப்பைப் படிக்கும் அறிவு கேண்டால்ஃபுக்கு நிரம்ப உண்டு. எனினும் 'நண்பன்' என்னும் சொல்லை அவர் விளியாகக் கொள்கிறார். அதுவோ உச்சரிக்கப்பட வேண்டிய சொல்லாக, செயப்படுபொருளாக நிற்கிறது. தடை மொழியறிவின் அளவில் இல்லை, பொருள் கொள்ளும் முறையில் உள்ளது. எத்துணை உயர்ந்த எண்ணும் இதனைக் காட்டாது.

பெயரிடலிலும் இச்சிக்கல் உண்டு. மோதிர ஆவிகள் ஒன்பதின்மருக்கும் புதினத்தில் இயற்பெயர் இல்லை. ஆசிரியர் மறைவுக்குப் பின் 1980இல் வெளிவந்த தொகுப்பில்கூட ஒருவனுக்கு மட்டுமே பெயர் காணப்படுகிறது. தன்னை இழந்தவனுக்குப் பெயரும் இல்லை என்பதே அவ்வெறுமையின் பொருள். ஆட்ட நூல்களோ ஒன்பதின்மருக்கும் பெயரும் வரலாறும் தந்தன. அச்சத்துக்கு உரியவர் தகவலுக்கு உரியவராயினர். இடைவெளி எல்லாம் குறையன்று. சில இடைவெளிகள் பொருளுடையன.

5. உரியிலிருந்து தொடங்கும் ஆட்டம்

பிரான்செஸ்கோ நெப்பிட்டெல்லோ வடிவமைத்து 2011இல் வெளிவந்த 'தி ஒன் ரிங்' வேறு வழியில் செல்கிறது. காலம் மூன்றாம் ஊழி 2946. ஐம்படைப் போருக்கு ஐந்தாண்டுகள் பிற்பட்டது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் 'நம்பிக்கை' என ஓர் இருப்பும், அதற்கு எதிராக வளரும் 'நிழல்' என ஓர் அளவும் உண்டு. தீயன செய்தால் நிழல் கூடும். நெடுவழிச் சோர்வு உடலை வாட்டும். அவரவர் நாட்டத்திலேயே வீழ்ச்சியின் வித்தும் இருக்கிறது. பொருள் தேடுவோனுக்குப் பொன்னாசை, காவலனுக்கு அதிகார வேட்கை. வீடு திரும்பி இளைப்பாறுவதும் தோழரோடு கூடியிருப்பதும் ஆட்டத்தின் தனிப் பகுதியாக வகுக்கப்பட்டுள்ளன. இவை புதினத்தின் உரிப்பொருளிலிருந்து வருவிக்கப்பட்ட விதிகள் எனலாம்.

எனினும் இதற்கும் எல்லை உண்டு. புதினத்தின் முடிவில் ஃப்ரோடோ மோதிரத்தை அழிக்க மறுத்துத் தனதாக்கிக்கொள்கிறான். முன்பு இரங்கி விடப்பட்ட கோல்லமே அதனைப் பறித்து நெருப்பில் வீழ்கிறான். தோல்வியின் உள்ளிருந்து வெற்றி பிறக்கும் இந்நிகழ்ச்சியை நம்பிக்கைப் புள்ளிகளின் கூட்டலும் கழித்தலும் விளைவிக்க இயலாது. நாயகன் உள்ளத்தளவில் வீழக்கூடும் என்பதற்கு இவ்வாட்டம் இடம் தருகிறது. அதற்கு அப்பால் நிகழ்வது ஆடுவோரின் நுண்ணுணர்வைப் பொறுத்தது.

6. முடிவுரை

புதினம் வரையறுத்த வாக்கியங்களின் தொகுதி. ஆட்டம் புதிய வாக்கியங்களைப் பிறப்பிக்கும் இலக்கணம். எனவே ஆட்டமாக்குவோர் செய்வது ஒருவகையில் இலக்கண ஆசிரியரின் பணி. தரவைத் தொகுத்தல் அதன் தொடக்கம். தரவை ஆளும் விதியைக் காண்பதே அதன் பயன். 1984இன் ஆட்டம் சிறந்த அகராதி. 2011இன் ஆட்டம், குறையுடையதாயினும், இலக்கணம். ஆசிரியர் எழுதாத ஒரு நிகழ்ச்சியை ஆடுவோர் மேசையில் படைக்கும்போது, அது அவ்வுலகில் நிகழக்கூடியதே என்று அந்நூலை நன்கு பயின்றவர் உடன்படுவாராயின் தழுவல் வென்றது எனக் கொள்ளலாம். பெயர்களும் நிலப்படங்களும் எத்துணைத் துல்லியமாயினும் அவ்வுடன்பாட்டைத் தாமாகப் பெற்றுத் தர மாட்டா.