தொட்டித் தண்ணீருக்கு எந்த ஏரேட்டர்?

மலேசியாவில் ரந்தாவ் பக்கத்துத் தோட்ட வீடு அது. அடுப்படிக் குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. குளியலறை பேசின் குழாயிலோ நூலாக வடிகிறது. கோளாறு எந்தப் பக்கம் என்பது இதிலேயே பாதி தெரிந்துவிடும். நம் நாட்டு வீடுகளில் அடுப்படிக்கு மெயின் பைப்பிலிருந்து நேராகத் தண்ணீர் வரும். குளியலறைக்குப் பெரும்பாலும் கூரைத் தொட்டியிலிருந்துதான் இறங்கும்.

குழாய் வாயில் திருகியிருக்கும் சிறு வலைதான் ஏரேட்டர். துணி சுற்றி இடுக்கியால் திருப்பிக் கழற்றினேன். வலை முழுக்கச் செம்பழுப்புச் சேறு, துருச் செதில்கள், நடுவில் பைப் மரையில் சுற்றும் வெள்ளை டேப்பின் ஒரு துணுக்கு. வினிகரில் ஊறப்போடச் சொல்வார்கள். உப்பும் சுண்ணாம்பும் படியும் ஊர்களுக்கு அது சரி. லிங்கி ஆற்றையும் சுங்கை தெரிப் அணையையும் நம்பியிருக்கும் நமக்கு, தண்ணீர்த் தடைக்குப் பிறகு வரும் கலங்கலும் பழைய இரும்பு பைப்பின் துருவும்தான் தொல்லை. பழைய பல் பிரஷ்ஷால் பின்பக்கத்திலிருந்து தேய்த்தாலே போய்விடும்.

இந்த வலை கிழிந்திருந்ததால் ஹார்ட்வேர் கடையில் இரண்டு வகை வாங்கி மாட்டிப் பார்த்தேன். மரை குழாயின் வெளியே இருந்தால் 22 மி.மீ., உள்ளே இருந்தால் 24 மி.மீ.; பழையதைக் கையோடு கொண்டுபோவதே உத்தமம்.

முதலாவது, தண்ணீர் சேமிக்கும் வகை. பித்தளை உடல், அழகான வேலைப்பாடு. ஆனால் உள்ளே ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரப்பர் வளையம் இருக்கிறது. அது மெயின் அழுத்தத்துக்காகச் செய்தது. 10 மீட்டர் உயரத் தண்ணீர்தான் சுமார் 1 பார் அழுத்தம் தரும். குழாய்க்கு 2 மீட்டர் மேலே இருக்கும் தொட்டி தருவது 0.2 பார் மட்டுமே. பாட்டில் நிரம்ப, ஏரேட்டர் இல்லாதபோது ஆனதைப் போல இரு மடங்கு நேரம் பிடித்தது. தொட்டி வீட்டுக்கு இதை வாங்காதீர்கள்.

இரண்டாவது, வளையம் இல்லாத சாதாரண வலை. நுரை குறைவு, ஓட்டம் நிறைவு. என் ஓட்டு இதற்கே.

ஏரேட்டரைக் கழற்றியும் ஓட்டம் கூடவில்லையா? பேசினுக்கு அடியில் உள்ள வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதா, தொட்டியின் அடியில் சேறு தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகுதான் பம்ப். அதையும் தொட்டிக்குப் பிறகே பொருத்த வேண்டும். மெயின் பைப்பில் நேராக மாட்டினால் பக்கத்து வீட்டுத் தண்ணீரை இழுக்கும். பைப் வெடிப்பு வழியே அழுக்கையும் உறிஞ்சும்.

வரிசை வீடுகள் அத்தனையிலும் அடுப்படிக் குழாயிலேயே தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தால், அது குடியிருப்பவர் பழுதுபார்க்கும் விஷயமே அல்ல. தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தருவது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் 446ஆம் எண் சட்டம் சொல்கிறது. தோட்ட ஆபீஸில் எழுத்தாகவே புகார் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.