முதியோரின் பராமரிப்பு மாற்றம்: செவிலியர் துணையும் அபராதச் சட்டமும்

முதியவர் ஒருவர் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கோ பராமரிப்பு இல்லத்துக்கோ மாறும் நாட்களில்தான் சிகிச்சையின் தொடர்ச்சி எளிதில் அறுகிறது. நிறுத்தச் சொன்ன மாத்திரையும் புதிதாகத் தந்த மாத்திரையும் சேர்ந்தே உட்கொள்ளப்படுகின்றன. அடுத்து எந்த மருத்துவரைப் பார்ப்பது என்பது யாருக்கும் தெளிவாக இருப்பதில்லை. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் பயனாளிகள் பற்றி 2009இல் வெளியான ஆய்வின்படி, டிஸ்சார்ஜ் ஆனவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் 30 நாட்களுக்குள் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தார்.

இதற்குத் தீர்வாக அங்கே இரண்டு முறைகள் பெயர்பெற்றன. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மேரி நெய்லர் வகுத்த முறையில், உயர்பயிற்சி பெற்ற செவிலியர் நோயாளியை மருத்துவமனையிலேயே சந்தித்து, பின்பு வீட்டிலும் கவனிக்கிறார். கொலராடோவில் எரிக் கோல்மன் வகுத்தது செலவு குறைந்த முறை. அதில் பயிற்சியாளர் ஒருவர், மருந்துகளைக் கையாளுதல், உடல்நலக் குறிப்பேடு வைத்திருத்தல், மருத்துவரைத் தவறாமல் பார்த்தல், அபாய அறிகுறிகளை அறிதல் ஆகிய நான்கையும் நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் பழக்குகிறார்.

இரண்டுக்கும் பலம் ஒன்றே: மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையே ஒரே ஆள் தொடர்ந்து வருகிறார். நெய்லரின் 1999ஆம் ஆண்டு ஆய்வில், 24 வாரங்களுக்குள் மறுபடி சேர்ந்தவர்கள் வழக்கமான பராமரிப்பில் 37 விழுக்காடு. செவிலியர் துணை பெற்றவர்களில் 20 விழுக்காடு. கோல்மனின் 2006ஆம் ஆண்டு ஆய்வில் 30 நாள் மறுசேர்க்கை 11.9 விழுக்காட்டிலிருந்து 8.3 ஆகக் குறைந்திருந்தது.

குறைகளும் உண்டு. நெய்லரின் அந்த ஆய்வில் இடம்பெற்றவர்கள் தெளிந்த நினைவுடையவர்கள், ஆங்கிலம் பேசுபவர்கள், தொலைபேசியில் எட்டக்கூடியவர்கள். துணை மிகுதியும் தேவைப்படும் மறதிநோயாளிகளுக்கு அதன் முடிவை அப்படியே பொருத்த இயலாது. கோல்மனின் முறையோ, நோயாளியும் குடும்பமும் பொறுப்பேற்பதையே நம்பியிருக்கிறது. தனித்து வாழும் முதியவருக்கு அது சுமையாகலாம். நியூ ஜெர்சியின் கேம்டனில், சிக்கலான நோய்களுள்ள 800 பேரைக் கொண்டு நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், துணை பெற்றவர்களும் பெறாதவர்களும் 180 நாட்களில் ஏறத்தாழ ஒரே அளவில், 62 விழுக்காடு, மறுபடி சேர்ந்தனர். அவர்கள் எல்லாரும் முதியோர் அல்லர். எனினும், வறுமையும் வீடின்மையும் சூழ்ந்த இடத்தில் துணை மட்டும் போதாது என்பதை இது உணர்த்துகிறது.

அரசு எடுத்த வழி அபராதம். 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மறுசேர்க்கை மிகுந்த மருத்துவமனைகளுக்கான மெடிகேர் தொகை 2012 அக்டோபரிலிருந்து குறைக்கப்பட்டது. உச்ச வரம்பு பின்னர் 3 விழுக்காடானது. டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய நாட்களைப் பற்றி மருத்துவமனைகளைக் கவலைப்பட வைத்தது இதன் நன்மை. ஆனால் ஏழைகள் அதிகம் வரும் மருத்துவமனைகளே கூடுதலாகத் தண்டிக்கப்பட்டன. ஒத்த மருத்துவமனைகளோடு மட்டுமே ஒப்பிடும் திருத்தத்தை 2016ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. நோயாளியை முறையாகச் சேர்க்காமல் 'கண்காணிப்பு' என்ற கணக்கில் வைத்தால் அது மறுசேர்க்கையாக எண்ணப்படுவதுமில்லை.

அபராதத்தைவிட, 2013 முதல் மெடிகேர் தரும் கட்டணம் பொருத்தமானது. டிஸ்சார்ஜ் ஆன இரு வேலை நாட்களுக்குள் நோயாளியைத் தொடர்புகொண்டு, 7 அல்லது 14 நாட்களுக்குள் நேரில் பார்க்கும் மருத்துவருக்கு அது கிடைக்கிறது. தவறுக்குத் தண்டிக்காமல் வேலைக்கு ஊதியம் தருகிறது என்பதே அதன் சிறப்பு. இம்முறைகளை மறுசேர்க்கை எண்ணிக்கையால் மட்டும் மதிப்பிடுவதும் போதாது. முதியவர் தானாக நடமாட முடிகிறதா, பராமரிப்பவருக்குச் சுமை குறைந்ததா என்பவற்றையும் சேர்த்து அளந்தால்தான் அவற்றின் உண்மைப் பயன் தெரியும்.