வீடு இல்லாத வாசல்

சேலம் நகரிலிருந்து ஏற்காடு மலைக்குச் செல்லும் சாலையின் ஓரத்தில் ஒரு நுழைவு வளைவு நிற்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய வளைவு அது. சிறுவனாக இருந்தபோது பேருந்தின் சன்னல் வழியே அதனை வியப்போடு பார்த்த நினைவு எனக்கு உண்டு. இன்று அவ்வளைவைக் கடந்து உள்ளே செல்பவர் படப்பிடிப்புத் தளத்தைக் காண்பதில்லை. குடியிருப்பு வீடுகளையே காண்கிறார். வாசல் எஞ்சியிருக்கிறது, அது எந்த வீட்டிற்கு வாசலாக இருந்ததோ அந்த வீடு இல்லை.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில் பயின்று திரும்பிய டி. ஆர். சுந்தரம், 1930-களின் நடுவில் இந்நிறுவனத்தைத் தோற்றுவித்தார். சென்னைக்கு வெளியே, ஒரு நெசவு நகரத்தில், அனைத்துப் பிரிவுகளையும் ஒரே வளாகத்தில் கொண்டு ஒரு தொழிற்சாலையைப் போல அது இயங்கிற்று. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938-இல் இந்நிறுவனத்தின் தயாரிப்பாகவே வெளிவந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாகிய ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-இல் இங்கிருந்தே வந்தது. பிற்காலத்தில் முதலமைச்சர்களான இருவர், எழுத்தாளராக மு. கருணாநிதியும் நடிகராக எம். ஜி. இராமச்சந்திரனும், 1950-இல் ‘மந்திரி குமாரி’யில் இந்நிறுவனத்திற்காகவே இணைந்து உழைத்தனர். நமக்கு ‘இயேசு காவியம்’ தந்த கவிஞர் கண்ணதாசனும் இளமையில் இங்குப் பணிபுரிந்தவரே. 1963-இல் சுந்தரம் மறைந்தார். 1982-ஆம் ஆண்டளவில் படத்தயாரிப்பு நின்றுபோயிற்று. பின்னர் நிலம் மனைகளாயிற்று.

அவ்வளைவு நிற்கும் நிலம் யாருக்கு உரியது என்ற கேள்வி 2023-இல் எழுந்து செய்தித்தாள்களில் இடம் பெற்றது. உரிமை பற்றிய வழக்கில் தீர்ப்புச் சொல்வது என் வேலையன்று. எனினும், வளைவு இடிக்கப்பட்டுவிடுமோ என்று அன்று பலருக்கு உண்டான பதைப்பு என்னைச் சிந்திக்க வைத்தது. தளங்கள் இடிக்கப்பட்டபோது எங்கே போயிருந்தது இப்பதைப்பு? ஒரு முழு வளாகம் மறைந்ததைத் தாங்கிக்கொண்ட நகரம், எஞ்சிய ஒரு துண்டிற்காக ஏன் கலங்க வேண்டும்? இதற்கு நேர்மையான விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்காரணம் நம் சட்டத்தில் இருக்கிறது. 1958-ஆம் ஆண்டின் மத்திய அரசுச் சட்டப்படி, ஒரு கட்டடம் தொல்சின்னமாகக் கருதப்பட நூறு ஆண்டுகளேனும் நிலைத்திருக்க வேண்டும். நாமக்கல் மலையைக் குடைந்து அமைக்கப்பட்ட கோயில்களுக்கு அச்சட்டம் அரணாக நிற்கிறது, அது நன்றே. ஆனால் 1940-களிலும் 1950-களிலும் எழுந்த ஒரு திரைக்கூடத்திற்கோ, சந்தைக்கோ, பள்ளிக்கோ அது அரணாகாது. அவை அறுபது வயதில் ‘பழைய கட்டடம்’ என்று இகழப்படுகின்றன. ‘பழமையான கட்டடம்’ என்று போற்றப்படும் வயதை எட்டுவதற்குள் இடிபட்டுப் போகின்றன. நம் பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் உழைத்த நூற்றாண்டே இவ்வாறு சுவடின்றி அழிகிறது. மரபுச் சின்னங்களுக்கான ஆணையம் அமைக்கத் தமிழக அரசு 2012-இல் தனிச்சட்டம் இயற்றியது உண்மையே. ஆனால் சட்டம் எதைக் காக்க வேண்டும் என்பதை முதலில் மக்களின் மனம் அல்லவா சொல்ல வேண்டும்?

இரண்டாவது காரணம் நகரத்தின் தேவை. அதனை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 1994-இல் மாநகராட்சியான சேலம் பல மடங்கு பெருத்துவிட்டது. ஐந்து ரோட்டின் நெரிசலில் நோயாளியோடு சிக்கித் தவித்தவர் எவரும் 2020-இல் திறக்கப்பட்ட ஈரடுக்கு மேம்பாலத்தைக் குறை கூற மாட்டார். பழைய பேருந்து நிலையம் இருந்த இடத்தில் 2023-இல் திறக்கப்பட்ட ஈரடுக்கு நிலையமும் அத்தகையதே. சாலை வேண்டும், சாக்கடை வேண்டும், ஏழைக்கு வீடு வேண்டும். பழமையைக் காப்பாற்றுவதாகச் சொல்லி ஏழையை இருட்டறையில் வைத்திருப்பது அறமாகாது. ஆகவே, காப்பதா வளர்ப்பதா என்று கேட்பது தவறான கேள்வி. எவ்வாறு வளர்ப்பது என்பதே சரியான கேள்வி.

அக்கேள்விக்கு விடை சொன்ன ஒருவர் நூறாண்டுகளுக்கு முன்பே தமிழகத்தில் நடந்து திரிந்தார். ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் பேட்ரிக் கெடிஸ், சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று 1914-இல் இந்தியா வந்தார். நகரங்களைப் பற்றி அவர் தொகுத்திருந்த கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை எம்டன் போர்க்கப்பல் மூழ்கடித்துவிட்டது. அவரோ மனம் தளராமல் ஊர் ஊராக நடந்தார். தஞ்சைக் கோட்டைப் பகுதியின் நெரிசலைத் தீர்க்க, நேர்கோட்டுச் சாலைகளை வரைந்து, குறுக்கே நின்ற வீடுகளை எல்லாம் இடிப்பதே பொறியாளர் திட்டம். கெடிஸ் ஒவ்வொரு சந்தாக நடந்து பார்த்தார். பாழடைந்த சில வீடுகளை மட்டும் நீக்கி, அங்கே சிறு திடல்களும் மரநிழலும் அமைத்தால் போதும் என்று 1915-இல் அறிக்கை தந்தார். உறுப்பைக் காக்கும் அறுவைச் சிகிச்சை என்பது அவர் கொள்கை. அதில் செலவும் குறைவு; வீட்டை இழப்பவர் தொகையும் குறைவு. வரைபடத்தை மேசையில் விரிப்பதற்கு முன் தெருவில் நடக்க வேண்டும் என்பதே அவர் விட்டுச்சென்ற பாடம்.

இதே பாடத்தை அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள சவானா என்னும் நகரம் இழப்பின் வழியே கற்றது. 1954-இல் அந்நகரின் பழைய சந்தைக் கட்டடம் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் வாகன நிறுத்துமிடம் எழுந்தது. அடுத்த ஆண்டு, 1820-இல் கட்டப்பட்ட டேவன்போர்ட் இல்லத்திற்கும் அதே கதி நேரவிருந்தபோது, ஏழு பெண்கள் ஒன்றுகூடிப் பணம் திரட்டி அதனை வாங்கினர். அவர்கள் தொடங்கிய அமைப்பு அதன்பின் செய்ததே என் கருத்தைக் கவர்ந்தது. அழியவிருந்த வீடுகளை வாங்கி, செப்பனிட்டுப் பேணுவதாக உறுதி தருவோருக்கு விற்று, வந்த பணத்தில் அடுத்த வீட்டை வாங்கினர். காட்சிக்கு வைப்பதைவிடக் குடியமர்த்துவதையே பெரிதாகக் கொண்டனர். அங்கும் குறை இல்லாமல் இல்லை: வீடுகள் அழகுபெற, வாடகைக்கு இருந்த ஏழைக் கறுப்பின மக்கள் வெளியேற நேர்ந்தது. அதனை உணர்ந்தோர் 1974-இல், இருப்பவரை இருந்த இடத்திலேயே வைத்து வீடுகளைச் செப்பனிட ஒரு தனி முயற்சி தொடங்கினர். சந்தையை விழுங்கிய வாகன நிறுத்துமிடமும் பின்னர் இடிக்கப்பட்டு, 2010-இல் அவ்விடம் மீண்டும் பொதுச் சதுக்கமாயிற்று. ஒரு தவற்றைத் திருத்த அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இங்கே நம் விசுவாசம் ஒரு சொல்லைத் தருகிறது. இறுதி இராவுணவில் தம் நினைவாகச் செய்யும்படி ஆண்டவர் பணித்தபோது, நற்செய்தியாளர் எழுதிய கிரேக்கச் சொல் ‘அனம்னேசிஸ்’. மறைந்ததை எண்ணி ஏங்குவது அதன் பொருளன்று. செய்வதன் வழியாக, கடந்தது இன்று நம் நடுவே உயிரோடு நிற்பதே அதன் பொருள். அப்பத்தைப் பேழையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருங்கள் என்று அவர் சொல்லவில்லை. பிட்டு உண்ணுமாறு சொன்னார். உண்மையான நினைவு செயலில் இருக்கிறது. இவ்வளவுகோலைக் கொண்டு பார்த்தால், ஏற்காடு சாலை வளைவு நினைவுச் சின்னம் என்பதைவிட, புகைப்படத்திற்கு ஏற்ற பின்னணி என்றே சொல்லத் தோன்றுகிறது. திரைக்கலை பயிலும் ஒரு கூடமோ, அங்கே உழைத்த தச்சர், ஒளிப்பதிவாளர், ஒப்பனைக்காரர் ஆகியோரின் கதைகளைச் சொல்லும் ஓர் அறையோ அதன் பின்னே இருந்திருந்தால், அவ்வளைவு இன்றும் வாசலாகவே இருந்திருக்கும். நாமக்கல்லில் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையின் இல்லம் நினைவில்லமாகவும் நூலகமாகவும் விளங்குகிறது. சிறிய வீடுதான், ஆனால் மாணவர் அங்கே அமர்ந்து படிக்கின்றனர். அது நினைவு.

நகராட்சியையும் அரசையும் குறை சொல்லி இக்கட்டுரையை முடித்தால் நான் நேர்மையற்றவன் ஆவேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்கில் நான் பணியாற்றியபோது, ஓடு வேய்ந்த பழைய ஆலயம் ஒன்றை இடித்துப் புதியது கட்டினோம். கூட்டம் பெருகிவிட்டது, மழைக்காலத்தில் ஒழுகிற்று, காரணங்கள் எல்லாம் உண்மை. பின்புறச் சுவரை மட்டும் நீக்கி ஆலயத்தை நீட்டலாம் என்று ஒரு முதிய கொத்தனார் சொன்னார். நான் செவிகொடுக்கவில்லை. திறப்பு விழாக் கல்வெட்டில் என் பெயர் இருக்கும் என்ற எண்ணமும் அதற்கு ஒரு காரணம் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். பழைய மணியை மட்டும் நினைவாக வைத்துக்கொண்டோம். புதிய கோபுரத்தில் அதனைத் தொங்கவிட்டோம். ஆனால் கயிறு கட்டவில்லை. ஒலிபெருக்கியில் பதிவு செய்த மணியோசை மூன்று வேளையும் ஒலித்தது. ‘சாமி, மணி இருக்கு, சத்தம்தான் அதோடது இல்லை’ என்று ஒரு பாட்டி சொன்னபோது சிரித்து மழுப்பினேன். நான் கட்டியதும் வீடு இல்லாத வாசல்தான்.

திருச்சபை இதில் நம்மைத் தெளிவின்றி விட்டுவிடவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, மதிப்புள்ள திருப்பொருள்களும் கலைப்படைப்புகளும் கைமாறிப் போகாமலும் அழியாமலும் காக்குமாறு ஆயர்களைப் பணிக்கிறது; கலை வல்லாரிடம் கருத்துக் கேட்கவும் சொல்கிறது. திருச்சபைச் சட்டமும் ஆலயங்களைக் கட்டும்போதும் பழுதுபார்க்கும்போதும் வல்லுநர் அறிவுரையை நாடச் சொல்கிறது. நாம் பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் கருத்தோடு நின்றுவிடுகிறோம்.

சேலம் மறைமாவட்டம் 1930-இல் உருவானது. நூற்றாண்டு நெருங்குகிறது. பங்குதோறும் விழாவிற்காகப் புதிய கட்டடம் எழுப்பும் ஆவல் பெருகும். அதற்கு முன் ஒவ்வொரு பங்குப் பேரவையும் சிலவற்றைச் செய்யலாகாதா? இருக்கும் கட்டடத்தை அளந்து வரைந்து, படம் எடுத்து வைக்கலாம். அதைக் கட்டக் கல் சுமந்தவர்களின் பிள்ளைகளை அழைத்துக் கேட்கலாம். இடிக்காமல் நீட்ட வழியுண்டா என்று ஒரு பொறியாளரையும் ஒரு கொத்தனாரையும் ஒரே மேசையில் அமர்த்தலாம். இடித்தே தீர வேண்டுமெனில், எதை மீண்டும் பயன்படுத்துவது என்று முன்னரே முடிவு செய்யலாம்.

அண்மையில் அப்பங்கிற்கு விருந்தினனாகச் சென்றிருந்தேன். இப்போதைய பங்குத்தந்தை இளைஞர். அவர் மணிக்குக் கயிறு கட்டியிருந்தார். மாலை மூவேளைச் செபத்திற்கு ஒரு சிறுமி அதனை இழுத்தாள். ஓசை சற்றுக் கரகரப்பாக இருந்தது. அது பழைய ஓசையேதான்.