சரக்கும் சான்றும்: மாற்றுப் பண்பாட்டின் இசைக் காணொலிகளும் ஆடைப்படங்களும்

ஆய்வுச் சுருக்கம்

இசைக் காணொலி, ஃபேஷன் ஃபிலிம் எனப்படும் ஆடைப்படம் ஆகிய இரண்டும் விளம்பரத் தேவையிலிருந்து வளர்ந்த வடிவங்கள். ஒன்று இசைத்தட்டை விற்கிறது. மற்றொன்று ஆடையை விற்கிறது. எனினும் இவற்றுள் சில படைப்புகள் மாற்றுப் பண்பாட்டின் கலைச் சாதனைகளாக மதிக்கப்பெறுகின்றன. காட்சியின் விநோதமே அம்மதிப்புக்குக் காரணம் என்னும் பொதுக் கருத்தை இக்கட்டுரை மறுக்கிறது. தான் விற்கும் பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் காணொலி திறந்து காட்டுகிறதா என்னும் வினாவே தகுந்த அளவுகோல் என்று அது வாதிடுகிறது. டெரிக் ஜார்மன், ஸ்பைக் ஜோன்ஸ், நிக் நைட், அலெக்சாண்டர் மெக்குவீன், எம்.ஐ.ஏ. ஆகியோரின் படைப்புகள் இவ்வளவுகோலால் ஆராயப்பெறுகின்றன.

திறவுச் சொற்கள்: இசைக் காணொலி, ஆடைப்படம், மாற்றுப் பண்பாடு, கருப்பொருள், உரிப்பொருள், உழைப்பு.

முன்னுரை

1981 ஆகஸ்டு 1 அன்று அமெரிக்காவில் எம்டிவி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன்பின் இசைக் காணொலி தனித்ததொரு தொழிலாக வளர்ந்தது. ஆடைப்படத்தின் வளர்ச்சி சற்றுப் பிந்தியது. ஒளிப்படக் கலைஞர் நிக் நைட் 2000ஆம் ஆண்டு இலண்டனில் தொடங்கிய ஷோஸ்டுடியோ என்னும் இணையத்தளமும், 2008இல் பாரிசில் டயான் பெர்னே தொடங்கிய ஆடைப்பட விழாவும் அதற்குத் தனி அடையாளம் தந்தன. இவ்விரு வடிவங்களும் ஒரே கலைஞர்களையும் ஒரே ஆடைகளையும் பகிர்ந்துகொள்பவை. ஆதலின் இவற்றை ஒருங்கே வைத்து ஆராய்வது பொருந்தும்.

தமிழில் திரைப்பட ஆய்வு விரிந்துள்ள அளவிற்கு இக்குறுவடிவங்கள் கவனிக்கப்பெறவில்லை. மூன்று நிமிட விளம்பரத்தில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்னும் தயக்கம் இதற்கு ஒரு காரணமாகலாம். அத்தயக்கத்தை ஒதுக்கிவிட இயலாது. இவ்வடிவங்கள் விளம்பரமாகவே பிறந்தன என்னும் உண்மையிலிருந்தே இவ்வாய்வு தொடங்குகிறது.

அளவுகோல்

தொல்காப்பியப் பொருளதிகார மரபு முதல், கரு, உரி என மூவகைப் பொருள்களைக் கூறும். ஒரு நிலத்திற்குரிய உணவு, பறை, யாழ் முதலியன கருப்பொருள். அந்நிலத்தில் நிகழும் மனித ஒழுக்கம் உரிப்பொருள். இப்பாகுபாட்டை நேராகப் பொருத்துவது பிழை. ஆயினும் ஒப்புமையாகக் கொள்ள இடமுண்டு. வழக்கமான காணொலியில் ஆடை கருப்பொருளாகவே நிற்கிறது. அது பாடகரை அழகுபடுத்துகிறது, காலத்தையும் வகுப்பையும் உணர்த்துகிறது, அத்துடன் அதன் பணி முடிகிறது. சிறந்த மாற்றுக் காணொலிகளிலோ ஆடை உரிப்பொருளின் இடத்திற்கு நகர்கிறது. அங்கு ஆடைக்கு நேர்வதே நிகழ்ச்சியாகிறது.

சிலப்பதிகாரம் இதற்கு ஒரு தெளிவான உருவகம் தருகிறது. கோவலன் மதுரைக்குக் கொண்டுசென்ற சிலம்பு விற்பனைக்குரிய சரக்கு. பாண்டியன் அவையில் கண்ணகி அதனை உடைத்தபோது உள்ளிருந்து மாணிக்கப் பரல் தெறித்தது, சரக்கு சான்றாயிற்று. வெளித்தோற்றத்தில் ஒத்திருந்த இரு சிலம்புகளை உட்பரலே வேறுபடுத்தியது. காணொலியை மதிப்பிடும்போது நாம் கேட்க வேண்டிய வினாவும் இதுவே: இப்படைப்பு தான் விற்கும் பொருளை மெருகேற்றிக் காட்டுகிறதா, உடைத்துக் காட்டுகிறதா?

எளிய கருவியும் வெளிப்படும் செய்முறையும்

ஆடையின் அசைவே காட்சியாவது திரைப்படத்தின் தொடக்கத்திலேயே நிகழ்ந்தது. லோயி ஃபுல்லர் புகழ்பெறச் செய்த பாம்பசைவு நடனத்தை 1890களில் எடிசனின் நிறுவனமும் லூமியேர் நிறுவனமும் படமாக்கின. நீண்ட துணியைக் கழிகளால் சுழற்றும் அந்நடனப் படங்கள் சிலவற்றுக்குச் சட்டம் சட்டமாகக் கையால் வண்ணம் தீட்டப்பட்டது. அங்கே கதையில்லை, துணி, காற்று, ஒளி ஆகியனவே உள்ளன. 1966இல் வில்லியம் க்ளைன் இயக்கிய பாலி மகூ பற்றிய பிரெஞ்சுப் படம் உலோகத் தகடுகளாலான ஆடை அணிவகுப்புடன் தொடங்கி, ஆடையுலகின் பகட்டை எள்ளிற்று. துணியின் இயக்கத்தில் இன்பம் காண்பது, ஆடை வணிகத்தை ஐயுறுவது என்னும் இரு மரபுகளும் பின்வந்த மாற்றுக் காணொலிகளில் கலந்தன.

டெரிக் ஜார்மன் 1979இல் மரியான் ஃபெய்த்ஃபுல்லுக்காகவும் 1986இல் தி ஸ்மித்ஸ் குழுவினருக்காகவும் உருவாக்கிய படங்கள் குறிப்பிடத்தக்கவை. ஒவ்வொன்றும் மூன்று பாடல்களை இணைத்த குறும்படம். பாடகர் வாயசைத்துப் பாடும் வழக்கமான காட்சியை விடுத்து, வீட்டுப் பயன்பாட்டுக்குரிய சூப்பர் 8 படச்சுருளின் மணல்மணலான தோற்றத்தையும் ஒன்றன்மேல் ஒன்று படியும் பிம்பங்களையும் அவர் முதன்மையாக்கினார். பாடலின் விற்பனைக்குத் தேவையான பாடகர் முகம் இங்கு நகரத்தின் சிதைவுகளுக்கிடையே கரைகிறது. அதே காலத்தில் சார்லஸ் அட்லஸ், நடனக் கலைஞர் மைக்கேல் கிளார்க்கின் ஒரு நாளைச் சித்திரிப்பது போன்ற புனைவு ஆவணப்படத்தை எடுத்தார். தி ஃபால் குழுவின் இசைக்கு லீ பவரி வடிவமைத்த விபரீத ஆடைகளில் ஆடும் உடல்கள் அதில் இடம்பெற்றன. அவ்வாடைகள் எந்தக் கடையிலும் விற்பனைக்கு வைக்க இயலாதவை. அதுவே அவற்றின் வலிமை.

ஸ்பைக் ஜோன்ஸ் 1999இல் ஃபேட்பாய் ஸ்லிமுக்காக எடுத்த 'பிரெய்ஸ் யூ' காணொலியின் படப்பிடிப்புச் செலவு சுமார் 800 டாலர் எனப் பரவலாகக் கூறப்பெறுகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத் திரையரங்கு ஒன்றின் வாயிலில் முன்னனுமதியின்றி ஒரு குழு ஆடுகிறது. ஆட்டத்தில் நேர்த்தியில்லை, உடைகள் எவர் வீட்டிலும் கிடைப்பவை. இடையில் திரையரங்கு ஊழியர் ஒருவர் வந்து இசைப்பெட்டியை நிறுத்துகிறார். அக்காட்சி நீக்கப்படவில்லை. பொழுதுபோக்கு நிகழும் இடம் ஒருவரின் பணியிடமும் ஆகும் என்பதை அந்த ஒரு குறுக்கீடு சொல்லிவிடுகிறது. இவ்வகைப் படைப்புகளில் செய்முறை மறைக்கப்படுவதில்லை, அதுவே காட்சியாகிறது.

உடலில் தைத்த ஆடை

ஆடை உரிப்பொருளாவதற்குப் பியோர்க்கின் 'பேகன் பொயட்ரி' காணொலி முழுமையான சான்று. 2001இல் நிக் நைட் இயக்கிய இக்காணொலிக்கு மெக்குவீன் ஆடை வடிவமைத்தார். தொடக்கத்தில் காதலுறவைக் குறிக்கும் காட்சிகள் கணினியால் வெறும் கோடுகளாக மாற்றப்பட்டு, அடையாளம் காணவியலாத அசைவுகளாகத் தோன்றுகின்றன. இடையிடையே ஊசி தோலைத் துளைக்கிறது. முத்துகள் உடலிலேயே கோக்கப்படுகின்றன. இறுதியில் பியோர்க் இடைக்குக் கீழே மணப்பெண்ணின் ஆடையும், மேலே முத்துச் சரங்கள் மட்டுமேயான திறந்த உடலுமாக நின்று பாடுகிறார். காதல் வயப்பட்ட பெண் தன் மண ஆடையைத் தன் தோலிலேயே தைத்துக்கொள்வதே இதன் நிகழ்ச்சி.

பொதுவாக மண ஆடைப் படங்கள் தையலின் தடயத்தை மறைக்கும். இங்கு ஊசியும் துளையும் அண்மைக் காட்சிகளாக வருகின்றன. ஆடை உருவாவதற்கு உடல் கொடுக்கும் விலை கண்முன் வைக்கப்படுகிறது. அமெரிக்க எம்டிவி தொடக்கத்தில் இதனை ஒளிபரப்பத் தயங்கியதற்கு வெற்றுடலும் துளையிடலும் காரணங்களாயின. ஒளிபரப்பாகாத விளம்பரம் விளம்பரமாகப் பயன்படாது. அவ்வகையில் இக்காணொலி தன் வணிகப் பணியையே இடருக்குள்ளாக்கியது.

இருப்பினும் ஒரு மறுப்பை இங்கு எதிர்கொள்ள வேண்டும். வலியும் கவர்ச்சிப் பொருளாகலாம்; அதிர்ச்சியும் சந்தைப்படும். இம்மறுப்பு நியாயமானது. ஆயின் இக்காணொலியில் துளைக்கப்படும் உடல் வேறொருவரின் ஆணைக்குப் பணியும் உடலன்று. தானே தைத்துக்கொள்ளும் உடல். பாடலின் பொருளான முழு ஒப்படைப்பும் அதன் அச்சமும் அத்தையலிலேயே வெளிப்படுகின்றன. அதிர்ச்சி பாடலுக்கு வெளியே ஒட்டப்பட்டதாக இல்லை.

காட்சி எங்கே முடிகிறது?

ஒரே கலைஞரின் இரு படைப்புகளை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். 2001இல் ஸ்பைக் ஜோன்ஸ் இயக்கிய 'வெப்பன் ஆஃப் சாய்ஸ்' காணொலியில், ஆளற்ற விடுதிக் கூடத்தில் சோர்ந்து அமர்ந்திருக்கும் கிறிஸ்டோபர் வாக்கன் திடீரென எழுந்து ஆடுகிறார், பறக்கிறார், மீண்டும் அதே இருக்கைக்கு வருகிறார். 2016இல் அவரே கென்சோ நிறுவனத்தின் நறுமணத் தைலத்திற்காக எடுத்த படத்தில், விழா மண்டபத்திலிருந்து வெளியேறும் மார்கரெட் குவாலி தனித்து வெறியாட்டம் போல் ஆடுகிறார். இரண்டும் ஒரே இலக்கணத்தைக் கொண்டவை: வெற்றுப் பொதுக்கூடம், தனி உடல், கட்டுமீறும் ஆட்டம். முடிவே வேறுபடுகிறது. வாக்கன் தம் சோர்வுக்குத் திரும்புகிறார். ஆட்டம் தீர்த்துவைக்காத ஒரு வாழ்க்கை எஞ்சுகிறது. குவாலியோ மலர்களாலான பெருங்கண் ஒன்றை ஊடுருவிப் பாய்கிறார். அக்கண் தைலக் குப்பியின் சின்னம். கட்டுமீறல் கடை வாயிலில் நிறைவடைகிறது. ஆட்டத்தின் திறம் இரண்டாவதில் குறைந்ததாகக் கூற முடியாது. உடைபடாத சிலம்பும் அழகியதே.

மெக்குவீனின் 'பிளேட்டோஸ் அட்லாண்டிஸ்' நிகழ்ச்சி இதனினும் சிக்கலானது. 2009 அக்டோபரில் பாரிசில் நடைபெற்ற அந்த அணிவகுப்பு ஷோஸ்டுடியோ வழியாக நேரலையாக ஒளிபரப்பப்பட்டது. மேடையோரத் தண்டவாளங்களில் நகர்ந்த இயந்திரக் கேமராக்கள் பார்வையாளர்களையே திரும்பப் படம்பிடித்தன. பார்ப்பவரும் பார்க்கப்படும் அந்த ஏற்பாட்டில் ஆடைக்காட்சியின் அதிகாரம் அம்பலமானது. அதே நிகழ்ச்சியில் லேடி காகாவின் புதிய பாடல் அறிமுகமாகும் என்னும் செய்தி பரவியதால் பெருந்திரள் மோதி இணையத்தளம் முடங்கியது. சுமார் 30 செ.மீ. உயரமுள்ள ஆர்மடில்லோ காலணிகள் அடுத்த மாதமே 'பேட் ரொமான்ஸ்' காணொலியில் இடம்பெற்றன. மேடையில் நடையையே இடராக்கிய அக்காலணி, காணொலியில் ஒரு நட்சத்திரத்தின் முத்திரையாயிற்று. மாற்றுப் பண்பாட்டின் கண்டுபிடிப்பு பொதுச் சந்தையை அடைய அன்று சில வாரங்களே போதுமானதாக இருந்தது.

இரு சொற்களும் ஒரு வாரமும்

எம்.ஐ.ஏ. எனப்படும் மாயா அருள்பிரகாசம் ஈழத்தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஏதிலியாக இலண்டனில் வளர்ந்து அங்கேயே திரைக்கலை பயின்றவர். 2015 நவம்பரில் அவரே இயக்கி வெளியிட்ட 'பார்டர்ஸ்' காணொலியில் ஆண்கள் கூட்டங்கூட்டமாக உயர்ந்த வேலிகளில் ஏறுகின்றனர். படகுகளில் நெருங்கி அமர்கின்றனர். அவர்களிடையே அவர் அணிந்துவரும் உடைகளுள் ஒன்று பாரிஸ் செயின்ட் ஜெர்மன் கால்பந்துக் கழகத்தின் சட்டை. அதில் விமான நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஃப்ளை பைரேட்ஸ்' என்னும் சொற்கள் உள்ளன. கழகம் எதிர்ப்புத் தெரிவித்துக் கடிதம் அனுப்பியது. விமானத்தில் பறக்கும் உரிமையுடையோர் யார், படகில் ஏறிக் குற்றவாளியாவோர் யார் என்னும் வேறுபாட்டைச் சட்டையின் ஒரு வரி எழுப்பிவிடுகிறது. விளம்பரத்தின் இடத்திலேயே நின்று விளம்பரம் மறுக்கப்படுகிறது. இக்காணொலிக்குக் குறையும் உண்டு. பெயரற்ற ஆண்கள் நேர்த்தியான வடிவங்களாக அடுக்கப்பட்டுப் பாடகிக்குப் பின்னணியாகின்றனர். அவர்களுள் எவருக்கும் குரல் இல்லை.

ஐந்து மாதங்களுக்குப் பின், 2016 ஏப்ரலில், அதே கலைஞர் எச் அண்ட் எம் நிறுவனத்திற்காக 'ரீவேர் இட்' காணொலியில் தோன்றினார். ஏப்ரல் 18 முதல் 24 வரை ஒரு வாரத்தில் 1000 டன் பழைய துணிகளைத் திரட்டும் இயக்கத்திற்கான பாடல் அது. துணிகள் மறுசுழற்சிக்கு வருகின்றன. உலகின் பல இடங்களில் மக்கள் ஆடுகின்றனர். அந்த வாரத்தின் இறுதி நாளான ஏப்ரல் 24, 2013இல் வங்கதேசத்தின் ரானா பிளாசா ஆடைத் தொழிற்சாலைக் கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த நாள். இப்பொருத்தமின்மையை அன்றே விமர்சகர்கள் சுட்டினர். துணியின் பிற்கால வாழ்வைப் பாடும் இக்காணொலியில் துணியின் பிறப்பு இல்லை. தைத்த கைகள் சட்டகத்துக்கு வெளியே நிற்கின்றன. ஒரே கலைஞர், ஒத்த காட்சிமொழி, நெருங்கிய காலம். எனினும் ஒன்று சட்டையைச் சான்றாக்கியது, மற்றொன்று சான்றை மீண்டும் சரக்காக்கியது.

இவ்வேறுபாடு தமிழ் ஆய்வாளருக்குத் தொலைவானதன்று. உலகச் சந்தைக்கான பின்னலாடைகள் திருப்பூரில் தைக்கப்படுகின்றன. ஆடைப்படம் என்னும் வடிவத்தின் ஒளிமிக்க முனை இலண்டனிலும் பாரிசிலும் இருப்பினும், அது காட்டாமல் விடும் முனை நம்மருகே உள்ளது. இவ்வடிவத்தின் அழகியலை ஆராயும்போது அந்த விடுபாட்டையும் படைப்பின் பகுதியாகவே படிக்கும் வாய்ப்பும் பொறுப்பும் நமக்கு உண்டு.

நிறைவுரை

மேற்கண்ட ஆய்வினால் பெறப்படும் முடிவுகள் மூன்று.

முதலாவது, விநோதமான காட்சி மாற்றுப் பண்பாட்டின் அடையாளமாகாது. ஆர்மடில்லோ காலணியும் கட்டுமீறிய ஆட்டமும் விரைவில் சந்தையின் சொந்தமாயின. இரண்டாவது, விளம்பரமாகப் பிறந்த காரணத்தால் ஒரு காணொலியைக் கலையன்று எனத் தள்ளுவதும் பொருந்தாது. 'பேகன் பொயட்ரி' போன்ற படைப்புகள் விற்பனைப் பொருளையே நிகழ்ச்சியாக்கி, அதன் உட்பரலை வெளிக்கொணர்கின்றன. மூன்றாவது, இத்தகுதி கலைஞருக்கு நிலையாக உரியதன்று. ஜோன்சும் எம்.ஐ.ஏ.வும் இருபுறமும் நின்றவர்கள். ஆகவே கலைஞரின் புகழையோ எதிர்ப்பு வரலாற்றையோ கொண்டு படைப்பை மதிப்பிடாமல், ஒவ்வொரு படைப்பையும் தனித்தனியே உடைத்துப் பார்த்தல் வேண்டும்.

உடல் கொடுக்கும் விலையைக் காட்டும் அளவிற்கு இவ்வடிவங்கள் முன்னேறியுள்ளன. தைப்பவரின் உழைப்பைக் காட்டும் துணிவு இங்கு ஆராய்ந்த படைப்புகளில் அரிதாகவே உள்ளது. ஆடைப்படம் இனி அடைய வேண்டிய எல்லை அதுவே.