மூன்றாவது ரெய்டுக்குக் காத்திருக்கும் ஆட்டம்

பஹ்ரைனில் 2025 அக்டோபரில் நடைபெற்ற ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியின் கபடி இறுதி ஆட்டத்தில் இந்திய ஆண்கள் அணி ஈரானை 35-32 என்ற புள்ளிக்கணக்கில் வென்றது. அவ்வணியில் ஆடிய வடுவூர் அபினேஷுக்கும், தங்கம் வென்ற பெண்கள் அணியில் ஆடிய சென்னைக் கண்ணகி நகர் கார்த்திகாவுக்கும் தமிழக அரசு தலா 25 லட்சம் ரூபாய் வழங்கியபோது, மன்னார்குடி, தஞ்சாவூர் வட்டாரங்களில் எழுந்த பேச்செல்லாம் தொகை போதுமா, அரசு வேலையும் சேர்த்துத் தரப்பட வேண்டாமா என்பதைச் சுற்றியே அமைந்தது. ஆட்டம் எவ்வாறு வெல்லப்பட்டது என்ற கேள்வி பெரும்பாலும் எழவில்லை. எழுந்த இடங்களிலும் தங்கம் என்றால் தங்கம்தான், எத்தனை புள்ளியில் வந்தால் என்ன என்ற விடையோடு பேச்சு முடிக்கப்பட்டது. கபடியை ஊர்ப்பெருமையாகக் கருதும் ஒரு வட்டாரத்தில் இந்த விடை ஏற்கத்தக்கதன்று. ஆட்டத்தின் நுணுக்கம் அறிந்தவர்களே அதைப் பேசாமல் விட்டால் வேறு யாரும் பேசப்போவதில்லை.

அந்த வெற்றிக்கு உரிய மதிப்பைக் குறைக்க வேண்டியதில்லை. ஈரான் எளிய எதிரணியன்று; இறுதி ஆட்டத்தின் நெருக்கடியில் இளம் வீரர்கள் மூன்று புள்ளி முன்னிலையைக் காத்து முடித்தது மனத்திண்மைக்குச் சான்று. ஆயினும் அதே போட்டியில் இந்தியப் பெண்கள் அணி ஈரானை 75-21 என்று வென்றதை அருகில் வைத்துப் பார்க்கையில், ஆண்கள் கபடியில் இந்த இடைவெளி ஏன் இவ்வளவு சுருங்கிப்போகிறது என்ற ஐயம் தவிர்க்க முடியாததாகிறது. மூத்தோர் அணியின் வரலாறும் இந்த ஐயத்தை வலுப்படுத்துகிறது. 2014 இன்சியான் ஆசிய விளையாட்டு இறுதியில் ஈரானுக்கெதிராக 27-25 என்று இரண்டே புள்ளியில் தப்பித்த அணி, 2016 அகமதாபாத் உலகக் கோப்பை இறுதியில் இடைவேளை வரை 13-18 என்று பின்தங்கியிருந்து, பிற்பாதியில் அஜய் தாக்கூரின் ரெய்டுகளால் மீண்டு 38-29 என்று வென்றது. 2018 ஜகார்த்தாவில் அரையிறுதியிலேயே 18-27 என்று தோற்று, 1990 முதல் தொடர்ந்து ஏழு முறை பெற்றிருந்த தங்கத்தை இழந்தது. 2023இல் ஹாங்சோவில் 33-29 என்று அதை மீட்டது. பத்தாண்டுக்கு மேலாக ஒரே எதிரணியிடம் இவ்வளவு நெருக்கமாக ஆடிவரும் அணியின் ஒவ்வொரு வெற்றியையும் தனித்தனி நற்செய்தியாகக் கொண்டாடுவது, நோயை விட்டுவிட்டுக் காய்ச்சல் இறங்கியதை மட்டும் கணக்கில் எடுப்பதாகும்.

அந்த நோய் வெற்று ரெய்டு என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து. பாடிக்கொண்டு எதிரணிக் களத்துக்குள் செல்லும் ரெய்டர், எவரையும் தொடாமலும் போனஸ் கோட்டைக் கடக்காமலும், தானும் பிடிபடாமலும் திரும்பிவிட்டால் அது வெற்று ரெய்டு எனப்படும். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர் தொலைவில் உள்ள பாக் லைனை ஒருமுறை கடந்துவிட்டால் போதும், அவர் பத்திரமாகத் திரும்பலாம். அணிக்குப் புள்ளியுமில்லை, இழப்புமில்லை. இப்படி இரண்டு ரெய்டுகள் தொடர்ந்து வெற்றாகப் போனால், அதே அணியின் மூன்றாவது ரெய்டு வாழ்வா சாவா ரெய்டாகிறது. அதில் புள்ளி எடுக்காமல் திரும்பும் ரெய்டர் அவுட். 2014இல் தொடங்கிய புரோ கபடி லீக்கின் வழியே பரவி, பின்னர் பன்னாட்டுப் போட்டிகளிலும் நிலைபெற்ற இந்த விதி, ரெய்டர்கள் நேரத்தைக் கடத்துவதைத் தடுக்கவே வந்தது. ஆனால் நடைமுறையில் அது இரண்டு வெற்று ரெய்டுகளுக்கு உரிமம் வழங்கிவிட்டது. மூன்றாவது ரெய்டு வரை பொறுத்திருப்பதே திட்டம் என்ற நிலைக்கு இந்தியக் கபடி வந்து சேர்ந்திருக்கிறது.

கணக்கிட்டால் இதன் விலை விளங்கும். ஒரு ரெய்டுக்கு 30 வினாடி என்று கொண்டால், 40 நிமிட ஆட்டத்தில் இரு அணிகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 80 ரெய்டுகள், ஒவ்வொரு அணிக்கும் 40. அவற்றில் மூன்றில் இரண்டு முன்கூட்டியே கைவிடப்பட்டால், உண்மையில் புள்ளிக்காக ஆடப்படுவது 13 ரெய்டுகளுக்குள் அடங்கிவிடும். பதரையும் நெல்லோடு சேர்த்து அளந்தால் மூட்டை கூடும், அரிசி கூடாது. நாற்பது ரெய்டு சென்றோம் என்று கணக்குக் காட்டும் அணியின் நிலையும் அதுவே.

வெற்று ரெய்டால் இழப்பில்லை என்ற நம்பிக்கையும் ஆராயாமல் ஏற்கப்பட்டது. கபடியில் ஓர் அணி எதிரணி வீரரை அவுட் ஆக்கும்போது, அவுட்டாகி வெளியே அமர்ந்திருக்கும் அதன் சொந்த வீரர் ஒருவர் களத்துக்குத் திரும்புகிறார். ஆகவே புள்ளி எடுக்காத ஒவ்வொரு ரெய்டும், வெளியே அமர்ந்திருப்பவரின் காத்திருப்பை நீட்டிக்கிறது. அணியின் முதன்மை ரெய்டர் வெளியே அமர்ந்திருக்கையில், உள்ளே இருப்பவர்கள் பாக் லைனைத் தொட்டுத் தொட்டுத் திரும்பிக்கொண்டிருந்தால், அந்த அணி தன் வலக்கையைத் தானே கட்டிப்போட்டுக்கொண்டு ஆடுகிறது. எதிரணிக்கோ இது இரட்டை ஆதாயம். முதல் இரண்டு ரெய்டுகளில் தடுப்பாட்டக்காரர்கள் பின்வாங்கி நின்று மூச்சு வாங்கலாம். மூன்றாவதில் எதிரில் வருபவர் உள்ளே இறங்கியே ஆக வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். களத்தில் தடுப்பாட்டக்காரர்கள் ஐவரோ அதற்குக் குறைவானவரோ இருந்தால் போனஸ் கோடும் பயன்படாது. தொட்டே தீர வேண்டும். எப்போது, எவ்வளவு ஆழத்துக்கு வரப்போகிறார் என்பதை முன்னரே அறிந்திருக்கும் கார்னர் ஆட்டக்காரருக்குக் கணுக்காலைக் குறிவைத்துக் காத்திருப்பது மட்டுமே வேலை. ஈரானின் ஃபசல் அத்ராச்சலியும் முகமதுரேசா ஷாட்லூயியும் இந்த வேலையை உலகிலேயே சிறப்பாகச் செய்பவர்கள். அதைச் செய்து தேர்ந்த களமும் இந்திய லீக்கே.

2023 அக்டோபர் 7 அன்று ஹாங்சோவில் நடந்த இறுதி ஆட்டம் இதற்கு முழுமையான எடுத்துக்காட்டு. 28-28 என்ற சமநிலையில், ஆட்டம் முடிய ஒரு நிமிட அளவே எஞ்சியிருந்தபோது, அணித்தலைவர் பவன் செராவத் வாழ்வா சாவா ரெய்டுக்குச் சென்று, எவரையும் தொடுவதற்கு முன்பே லாபிக்குள் கால் வைத்துவிட்டார். லாபி என்பது களத்தின் இருபுறமும் உள்ள ஒரு மீட்டர் அகலப் பட்டை. ரெய்டருக்கும் தடுப்பாட்டக்காரருக்கும் தொடுகை நேர்ந்த பின்னரே அது களத்தின் பகுதியாகக் கருதப்படும். அவரைத் துரத்திய ஈரான் வீரர்களும் லாபிக்குள் நுழைந்தனர். பழைய விதியின்படி அப்படி நுழைந்தவர்களும் அவுட். திருத்தப்பட்ட விதியின்படி ரெய்டர் மட்டுமே அவுட். எந்த விதி பொருந்தும் என்பதில் முடிவுகள் மாறி மாறி அறிவிக்கப்பட, வீரர்கள் களத்திலேயே அமர்ந்துவிட, ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆட்டம் நின்று, இறுதியில் இந்தியாவுக்குச் சாதகமாக முடிவு வந்தது.

அன்று முதல் இன்று வரை விவாதம் அந்த விதியைப் பற்றியே நடக்கிறது. கேட்கப்பட வேண்டிய கேள்வி வேறு. அது வாழ்வா சாவா ரெய்டு என்றால், அதற்கு முந்திய இரண்டு இந்திய ரெய்டுகளும் வெற்றாகத் திரும்பியவை என்பதே பொருள். ஆசியத் தங்கம் ஊசலாடும் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில், ஒவ்வொரு புள்ளியும் பொன்னாகும் வேளையில், எட்டாவது தங்கத்தைத் தேடும் அணி இரண்டு ரெய்டுகளைக் கைவிட்டு, மொத்தப் பாரத்தையும் ஒருவர் தோளில் ஏற்றியது. அந்த ஒருவர் தொடுகையே இல்லாமல் வெளியேறினார். அதன்பின் தங்கத்தைக் காத்தது விதிப்புத்தகத்தின் ஒரு பத்திதானே தவிர, ஆட்டத்திறன் அன்று. அரையிறுதியில் பாகிஸ்தானை 61-14 என்று நொறுக்கிய அதே அணிதான் இது; எளிய எதிரணியிடம் காத்திருக்கத் தேவை எழாததால் குறை தெரிவதில்லை, ஈரான் எதிரே வந்ததும் அது வெளிப்பட்டுவிடுகிறது.

இந்த உத்தியை ஆதரிப்பவர்கள் சொல்வதிலும் ஓரளவு உண்மை உண்டு. மேட் மீது ஆடும் ஆட்டத்தில் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நேரும் காயங்கள் கடுமையானவை; 40 ரெய்டுகளிலும் உயிரைக் கொடுத்து ஆட எவராலும் இயலாது; முன்னிலையில் இருக்கும் அணி நேரத்தைக் கடத்துவது எல்லா விளையாட்டிலும் உள்ளதே. இவை ஏற்கத்தக்கவை. ஆனால் முன்னிலையில் இருக்கும்போது செய்யத்தக்க ஒன்றைச் சமநிலையிலும், பின்தங்கியிருக்கும்போதும், ஆட்டத்தின் ஐந்தாவது நிமிடத்திலும் செய்வதற்கு இவற்றில் எதுவும் நியாயம் ஆகாது. பழக்கமாகிவிட்ட ஒன்றுக்கு உத்தி என்று பெயர் சூட்டுவதால் அது உத்தியாகிவிடாது.

காவிரி டெல்டாவைப் பொறுத்தவரை கவலை இன்னும் நெருக்கமானது. சம்பா அறுவடை முடிந்த தை, மாசி மாதங்களிலும், கோயில் திருவிழாக்களை ஒட்டியும் ஊர்தோறும் நடக்கும் மின்னொளிக் கபடிப் போட்டிகளே இப்பகுதி வீரர்களின் பள்ளிக்கூடம். தாளடியைச் செதுக்கி, கட்டி உடைத்து, மணல் பரப்பி, தண்ணீர் தெளித்து இறுக்கிய மண்ணில், சுண்ணாம்புப் பொடிக் கோடுகளுக்குள், சவுக்குக் கம்புகளில் கட்டிய விளக்குகளின் கீழ் விடிய விடிய ஆடப்படும் அந்த ஆட்டங்களில், ஒரே இரவில் பல அணிகளை ஆடவைக்க வேண்டியிருப்பதால் ஆட்ட நேரம் சுருக்கப்படும். குறுகிய நேரத்தில் வெற்று ரெய்டுக்கு இடமிருக்கக் கூடாது என்பதே இயல்பான எதிர்பார்ப்பு. ஆனால் தொலைக்காட்சியில் லீக்கைப் பார்த்து வளர்ந்த பதினாறு வயதுப் பையன், இரண்டு புள்ளி முன்னிலை கிடைத்ததும் நடுக்கோட்டருகே கைகளை அசைத்துக்கொண்டு, பாக் லைனை ஒருமுறை மிதித்துவிட்டுத் திரும்புவதை இப்போது எந்த ஊரிலும் காணலாம். ஊராரும் அதைப் புத்திசாலித்தனம் என்று கைதட்டுகிறார்கள். முந்திய தலைமுறை மூச்சடக்கிப் பாடி, உள்ளே இறங்கி, நால்வர் பிடியிலிருந்து நடுக்கோட்டுக்குத் தாவிய கதைகளைச் சொல்லும் அதே வாய்கள்தாம் இதையும் பாராட்டுகின்றன. இது வெறும் ரசனை மாற்றம் என்று விட்டுவிட முடியாது. தொடுவதற்கான துணிவும் கோணமும் பழகாத ரெய்டர், வாழ்வா சாவா நேரம் வரும்போது எங்கிருந்து அவற்றைப் பெறுவார்?

தடுப்பாட்டத்துக்கு இப்பகுதி அளித்த கொடை இந்த வாதத்துக்குத் துணைநிற்கிறது. தஞ்சாவூர் மாவட்டம் திருச்சன்னம்பூண்டியில் பிறந்த தர்மராஜ் சேரலாதன், 2016இல் புரோ கபடி லீக்கின் நான்காம் பருவத்தில் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமையேற்றுக் கோப்பை வென்று, அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இடம்பெற்றார். அப்போது அவர் நாற்பது வயதைக் கடந்தவர். வலது கார்னரில் நின்ற அவரது மேன்மை, ரெய்டர் தவறு செய்யும் வரை காத்திருப்பதில் அல்லாமல், ரெய்டரைத் தவறு செய்யவைப்பதில் இருந்தது. தடுப்பாட்டத்திலும் முனைந்து ஆடுவதே இலக்கணம் என்பதை நாற்பதைக் கடந்த வயதில் காட்டிய ஒருவர் பிறந்த மாவட்டத்தில், ரெய்டர்கள் காத்திருப்பதைக் கலையாகப் பழகுவது வருந்தத்தக்கது.

ஒருவரை நம்பிக் காத்திருப்பதன் மறுபக்கத்தைப் புரோ கபடி லீக்கின் தமிழ் தலைவாஸ் அணியும் காட்டியது. 2022இல் 2.26 கோடி ரூபாய்க்கு வாங்கப்பட்ட பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே காயமுற்று அப்பருவம் முழுதும் ஆட முடியாமல் போனபோது, அணி முடிந்தது என்றே பலரும் கருதினர். ஆனால் நரேந்தர் போன்ற இளம் ரெய்டர் முன்வந்து பொறுப்பேற்க, தடுப்பாட்டம் கைகொடுக்க, அதுவரை பிளே ஆஃப் சுற்றையே எட்டாதிருந்த அணி அந்தப் பருவத்தில் அரையிறுதி வரை சென்றது. பெரிய ரெய்டரின் மூன்றாவது ரெய்டுக்காக மற்றவர்கள் நேரம் கடத்த வேண்டிய கட்டாயம் நீங்கியதும், மற்றவர்களும் ரெய்டர்களானார்கள்.

மாற்றத்தைப் பன்னாட்டுக் கூட்டமைப்பிடமிருந்து எதிர்பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. நேரத்தையும் அணிகளின் எண்ணிக்கையையும் தம் வசதிக்கேற்ப வகுத்துக்கொள்ளும் டெல்டாவின் மின்னொளிப் போட்டிக் குழுக்கள், ஒரு வெற்று ரெய்டுக்குப் பின் வரும் இரண்டாவது ரெய்டையே வாழ்வா சாவா ரெய்டாக அறிவிக்கலாம். சிறந்த ரெய்டருக்கான பரிசை, எடுத்த புள்ளிகளை மட்டும் பாராமல், வெற்றாகத் திரும்பிய ரெய்டுகளைக் கழித்துக் கணக்கிடலாம். பள்ளி, கல்லூரி அணிகளின் பயிற்றுநர்கள் பயிற்சி ஆட்டங்களிலேனும் வெற்று ரெய்டுக்கு எதிரணிக்கு ஒரு புள்ளி தரலாம். 2026இல் நாகோயா ஆசிய விளையாட்டில் மூத்தோர் அணி ஈரானை மீண்டும் சந்திக்கும்போது இவற்றின் பயன் தெரிந்துவிடாது. இன்று பதினான்கு வயதில் தாளடி வயலில் பாடிக்கொண்டிருப்பவர்கள் இந்திய அணிக்குள் வரும் காலத்தில்தான் தெரியும்.